விங்ஸுக்காகவே வாங்கிய 30 லிட்டர் ஓடிஜி: ஒரு ஏசி மெக்கானிக்கின் விமர்சனம்

பெட்டியின் மேல் கேக், பீட்சா, பன், கம்பியில் சுழலும் முழுக்கோழி என்று கலர் கலராகப் படம் போட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான்: கோழி விங்ஸ், அதாவது கோழி இறக்கை, இனிப்பும் காரமுமாக. அந்த ஒரு வேலைக்காக ஏறக்குறைய எட்டாயிரம் ரூபாய் கொடுத்து 30 லிட்டர் ஓடிஜி (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த கரண்ட் அடுப்பு) வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்பேன். ஆனால் சமையலறையில் 16 ஆம்ப் ப்ளக் இருக்க வேண்டும். தோலோடு விங்ஸ் வெட்டித் தரும் கோழிக்கடை பக்கத்தில் இருக்க வேண்டும். அப்புறம், வெப்பக் குமிழைச் சுற்றி அச்சடித்திருக்கும் எண்ணை நம்பக் கூடாது.

நான் தண்டையார்பேட்டையில் ஏசி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவன். ஓடிஜியும் அவ்வப்போது வேலைக்கு வரும். பிராண்ட் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த விலையில் கிடைப்பவற்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஏறக்குறைய ஒரே சாமான்தான் இருக்கிறது. மேலே சூடேற்றும் ராடு இரண்டு, கீழே இரண்டு, பக்கவாட்டில் சூட்டைப் பார்த்துக் கரண்ட்டை வெட்டிச் சேர்க்கும் ஒரு தெர்மோஸ்டாட், டிக் டிக் என்று ஓடி மணியடிக்கும் ஒரு டைமர், கொஞ்சம் காசு கூடப் போட்டால் காற்றைச் சுற்றிவிடும் ஃபேன். விங்ஸ் செய்ய அந்த ஃபேன் கட்டாயம் வேண்டும். கோழி சுழற்றும் கம்பி இல்லாவிட்டால் பரவாயில்லை. எங்களுடையது இன்னும் பிளாஸ்டிக் உறையிலேயே இருக்கிறது.

இதை வாங்க வைத்தது என் மகள். மாலில் ஒரு கடையில் ஆறு பீஸ் விங்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்து, "நைனா, இத்த வீட்ல செய்ய முடியாதா?" என்று கேட்டாள். ஆறு பீஸுக்கு அங்கே கொடுத்த காசில் எங்கள் தெருவில் இரண்டு கிலோ கோழி வாங்கலாம். அமெரிக்காவில் பஃபலோ என்ற ஊரில், ஆங்கர் பார் என்ற கடையில், 1964-ல் பிறந்த பண்டம் என்று சொல்கிறார்கள். அதுவரை அங்கே விங்ஸ் பெரும்பாலும் சூப்புக்குத்தான் போய்க்கொண்டிருந்ததாம். அசல் என்று பார்த்தால் அது எண்ணெயில் பொரித்தது. ஓவனில் சுடுவது, வாணலி நிறைய எண்ணெய் வைக்க மனசு வராத வீட்டுக்காரர்கள் கண்டுபிடித்துக்கொண்ட வழி. எண்ணெயே ஊற்றாமல் தோலில் உள்ள கொழுப்பிலேயே தோல் வறுபட வேண்டும். ஓடிஜிக்கு இதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது. கேக் 170 டிகிரியில் உட்கார்ந்து தானாக வெந்துவிடும். மிஷினின் குறை வெளியே தெரியாது. விங்ஸில் எல்லாம் தெரிந்துவிடும்.

முதல் குறை வெப்பக் குமிழ். 220-ல் வைத்துவிட்டு, ஏசி வேலைக்கு வைத்திருக்கும், சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் வயரைக் கதவிடுக்கு வழியாக விட்டு நடுத்தட்டில் வைத்து அளந்தேன். 190-க்கு இறங்குகிறது, ராடு சிவக்கிறது, 225-ஐத் தாண்டுகிறது, அணைகிறது, மறுபடி இறங்குகிறது. இது பழுது இல்லை. தெர்மோஸ்டாட்டுக்குள் இருப்பது இரண்டு உலோகத்தை ஒட்டிய ஒரு பட்டை. சூட்டில் வளைந்து கரண்ட்டை வெட்டும், ஆறினால் நிமிர்ந்து சேர்க்கும். அது வளைய நேரம் எடுக்கும், நிமிரவும் நேரம் எடுக்கும். போதாக்குறைக்கு அது இருப்பது பக்கத் தகட்டை ஒட்டி. கோழி இருப்பது நடுவில். எனவே சராசரியாக 220 வேண்டும் என்றால் எங்கள் மிஷினில் குமிழை 235-க்குப் பக்கத்தில் வைக்க வேண்டியிருக்கிறது. உங்களுடையது வேறு மாதிரி இருக்கும். ஓவனுக்குள் வைக்கிற சின்ன வட்ட வெப்பமானி ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மிஷின் வாங்கும் அன்றைக்கே அதையும் வாங்கிவிடுங்கள். எந்த மூலையில் சூடு அதிகம் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். எங்களுடையதில் பின்பக்க இடது மூலை. பாதி நேரத்தில் தட்டை முன்பின்னாகத் திருப்பி வைத்தால் சரியாகிவிடும்.

இன்னொன்று வோல்டேஜ். இதை எந்த விமர்சனத்திலும் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. ராடு என்பது வெறும் ரெசிஸ்டன்ஸ். வோல்டேஜ் குறைந்தால் அதன் வாட் இரட்டிப்பு வேகத்தில் குறையும். 230 வோல்ட்டில் 1500 வாட் எடுக்கும் மிஷின் 200 வோல்ட்டில் 1130 வாட்தான் எடுக்கும். அதாவது முக்கால் பங்கு. சித்திரை, வைகாசி ராத்திரியில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது மீட்டரில் 200-ஐப் பார்த்திருக்கிறேன். அப்போது பத்து நிமிஷத்தில் சூடாக வேண்டியது கால் மணி தாண்டியும் ஏறிக்கொண்டே இருக்கும். சமையல் புத்தகத்தில் நாற்பது நிமிஷம் என்று போட்டிருக்கிறதே என்று மணியடித்ததும் வெளியே எடுத்தால் தோல் ரப்பராக இருக்கும். ஞாயிறு மதியம் செய்தால் இந்தத் தொல்லை குறைவு.

ப்ளக் விஷயத்தில் விளையாட வேண்டாம். 1500 வாட் என்றால் ஆறரை ஆம்ப். சாதாரண 6 ஆம்ப் சாக்கெட்டில், அதுவும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக, ஒரு மணி நேரம் ஓட்டினால் பிளாஸ்டிக் உருகின வாசனை வரும். அப்படிக் கருகிப்போன பாக்ஸ்களை வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். மிஷினோடு வரும் வயர் ஒரு மீட்டர்கூட இல்லை. எந்த மேடையில் வைக்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டு அதன் பக்கத்திலேயே 16 ஆம்ப் பாயின்ட் போட்டுக்கொள்ளுங்கள். வெளிக்கூடு தொட்டால் பழுக்கும் அளவுக்குச் சூடாகும். சுவரிலிருந்து ஒரு கை அகலமாவது தள்ளி வையுங்கள். மேலே துணி, பால் கவர் எதையும் போடக் கூடாது.

கடல் பக்கத்து வீடுகளுக்கு மட்டும் ஒரு செய்தி. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க்காரர்கள் கவனிக்கவும். ராடுக்குள் இருக்கும் வெள்ளைப் பவுடர், மெக்னீசியம் ஆக்சைடு, ஈரத்தை இழுக்கும். மழைக்காலம் முழுக்க மிஷினைத் தொடாமல் வைத்திருந்து, தை மாசம் பொங்கல் லீவில் எடுத்து ஒரேயடியாக 230 டிகிரியில் போட்டால் ஈஎல்சிபி, அதாவது கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச், விழுந்துவிடும். மிஷின் போச்சு என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் ஒன்றும் போயிருக்காது. ராடு காய்ந்ததும் சரியாகிவிடும். மாசத்துக்கு ஒருமுறை 100 டிகிரியில் கால் மணி நேரம் வெறுமனே ஓட்டினாலே அந்த நிலைமை வராது. விங்ஸ் அடிக்கடி செய்வதற்கு நான் வீட்டில் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று.

இனி கோழி. நம் ஊரில் கறிக்கோழி என்றாலே தோலை உரித்துத்தான் தருவார்கள். தோல் இல்லாத விங்ஸை ஓவனில் வைத்தால் காய்ந்த கறிதான் கிடைக்கும். "தோலோடு வேண்டும்" என்று சொன்னால் இறகு மட்டும் போக மிஷினில் சுற்றி, மஞ்சள் தடவித் தருவார்கள். எங்கள் கோழிக்கடை பாய் முதலில் நம்பவில்லை. "தோலு வாணாம்னுதான் சார் எல்லாரும் அடம் புடிக்கறாங்கோ, நீ இன்னா கேட்டு வாங்கற?" என்றார். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். விங்ஸ் மட்டும் என்றதும் கத்தி தானாக லாலிபாப் வெட்டுக்குப் போய்விடும். கறியை மேலே உருட்டி எலும்பை நீட்டிவிடுவார்கள். அது வேண்டாம். மூட்டில் வெட்டி மூன்று துண்டாக்கச் சொல்லுங்கள். தடித்த துண்டும் தட்டைத் துண்டும் ஓவனுக்கு. நுனித் துண்டு ரசத்துக்கு. மிளகு, பூண்டு தட்டிப் போட்டு என் அம்மா வைப்பாள். ஒரு கிலோவுக்கு இருபது, இருபத்திரண்டு துண்டு வரும். 30 லிட்டர் ஓடிஜியின் கம்பித் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அவ்வளவுதான் கொள்ளும். அதற்கு மேல் அடுக்கினால் வேகும், மொறுமொறுக்காது.

மிஷினோடு வந்த தட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனாமல் பூசிய ஒரு டிரே, ஒரு கம்பித் தட்டு. கம்பிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். கொழுப்பு உருகிச் சுருங்கினதும் தட்டைத் துண்டு அந்த இடைவெளி வழியே சாய்ந்து விழுகிறது. பாரிமுனைப் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் நெருக்கமான எவர்சில்வர் கம்பித் தட்டு வாங்கி வந்தேன். டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள்; அரை இஞ்ச் கூடினால் கதவு மூடாது.

விங்ஸ் மொறுமொறுப்பாவது ஓவனில் தொடங்குவதில்லை. முந்தின ராத்திரி ஃபிரிட்ஜில் தொடங்குகிறது. கழுவாமல், துணியால் ஒற்றி ஒற்றி ஈரம் எடுத்துவிட்டு, கிலோவுக்கு இரண்டரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு டீஸ்பூன் உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள் போட்டுப் பிசிறிக் கம்பித் தட்டில் பரப்பி, மூடாமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். பேக்கிங் பவுடர் தோலைக் கொஞ்சம் காரத்தன்மைக்கு (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரானது) நகர்த்துகிறது. அந்த நிலையில் தோல் சீக்கிரம் சிவக்கும், குட்டிக் குட்டிக் கொப்புளமும் வரும். ஆப்ப சோடா வேறு. அதைப் போட்டால் சோப்பு ருசி வந்து எல்லாம் குப்பைக்குப் போகும்.

இங்கே என் தொழில் உதவுகிறது. இரண்டு கதவு, ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜாக இருந்தால் உள்ளே ஃபேன் சுற்றும். காற்றிலுள்ள ஈரம் பின்னால் இருக்கும் குளிர்ந்த காயிலில் பனியாகப் படிந்துவிடும். எனவே உள்காற்று எப்போதும் வறண்டிருக்கும். கொத்தமல்லி வாடுவது அதனால்தான். கோழித்தோல் காய அதைவிட நல்ல இடம் இல்லை. ஒற்றைக் கதவுச் சாதா ஃபிரிட்ஜில் ஃபேன் இல்லை, ஈரம் தங்கும், ஒரு ராத்திரியில் தோல் அவ்வளவாகக் காயாது. அப்படிப்பட்டவர்கள் ஓவனில் வைக்கும் முன் அரை மணி நேரம் டேபிள் ஃபேன் முன்னால் வைக்கலாம். பூனை இருந்தால் பக்கத்தில் ஆளும் இருக்க வேண்டும்.

பச்சைக் கோழியை மூடாமல் வைப்பது என் அம்மாவுக்குப் பிடிக்கவே இல்லை. "பாலு, தயிரு, பூவு இருக்கற எடத்துல இது இன்னாடா அநியாயம்?" என்றாள். பால், தயிரை மேல்தட்டுக்கு மாற்றி, பூவை டப்பாவில் அடைத்து, வெள்ளிக்கிழமை, கிருத்திகை, அமாவாசையில் செய்வதில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அனுமதி கிடைத்தது. புரட்டாசியில் கோழி விலை இறங்கும். அதைச் சொல்லிப் பார்த்தேன். அம்மா பதிலே சொல்லவில்லை.

சுடும்போது இரண்டு கட்டம். ஃபேனோடு 120 டிகிரியில் அரை மணி நேரம். பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி வெளுத்துப்போய் இருக்கும். கொழுப்பு அப்போதுதான் மெதுவாக உருகிக் கீழ் டிரேயில் சொட்டுகிறது. பிறகு 220-க்கு ஏற்றி நாற்பதிலிருந்து ஐம்பது நிமிஷம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். எடுத்ததுமே 220-ல் வைத்தால் சின்ன ஓவனில் கொழுப்பு ராடில் தெறித்துப் புகை கிளம்பும். ஒரே ஜன்னல் உள்ள எங்கள் சமையலறையில் அது பெரிய கஷ்டம். கீழ் டிரேயில் அலுமினிய தாள் விரித்துக்கொள்ளலாம். ராடுக்கு மேலேயோ தரையிலோ மட்டும் விரிக்காதீர்கள், சூடு திரும்பி அடித்து ராடு போகும். கோழியின் உள்சூடு 74 டிகிரி தொட்டாலே சாப்பிடலாம். ஆனால் விங்ஸில் மூட்டும் ஜவ்வும் அதிகம். 85, 90 வரை போனால்தான் ஜவ்வு கரைந்து கறி எலும்பைவிட்டு வழுக்கிக்கொண்டு வரும். மார்புக்கறி அந்தச் சூட்டில் செத்துப்போகும், விங்ஸ் தாங்கும்.

சாஸில் என் மனைவியின் பங்குதான் அதிகம். காஷ்மீரி மிளகாய் எட்டு, காரத்துக்குக் குண்டு மிளகாய் நாலு, இரண்டையும் வெந்நீரில் ஊறவைத்து எட்டுப் பல் பூண்டோடு மை போல அரைக்கிறாள். ஒரு ஸ்பூன் வெண்ணெயில் பச்சை வாசனை போக வதக்கி, கால் டம்ளர் புளிக்கரைசல், இரண்டு ஸ்பூன் சோயா சாஸ், ஐந்து ஸ்பூன் பொடித்த வெல்லம். கரண்டியில் ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்கும்வரை கொதித்தால் போதும். தேன் போட்டும் செய்து பார்த்தோம். மணம் நன்றாக இருக்கிறது, ஆனால் தேனில் உள்ள சர்க்கரை சீக்கிரம் கருகும் வகை. மேல் ராடு இத்தனை கிட்டத்தில் இருக்கும் ஓடிஜியில் கண் சிமிட்டும் நேரத்தில் கறுத்துவிடும். வெல்லம் கொஞ்சம் பொறுத்துப்போகிறது. எதுவானாலும் சாஸைக் கடைசியில்தான் பூச வேண்டும். வெந்த விங்ஸை ஒரு அகலப் பாத்திரத்தில் போட்டு சாஸை ஊற்றிக் குலுக்கி, மறுபடி தட்டில் பரப்பி, மேல் ராடில் நாலைந்து நிமிஷம். அந்த நேரத்தில் போனை எடுக்காமல் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உள்விளக்கு இருக்கும் மாடலை வாங்கினால் இதற்கு வசதி. எங்களுடையதில் இருக்கிறது, ஆனால் மங்கல்.

மேலே தூவுவதுதான் எங்கள் வடசென்னை முத்திரை. பீச் ஸ்டேஷன் எதிரே பர்மாக்காரர் கடைகளில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், வறுத்த மிளகாய்த் தூளும் பொரித்த வெங்காயமும் புளித்தண்ணியும் சேர்ந்தால் நாக்கு என்ன பாடுபடும் என்று. எள்ளுக்குப் பதில் அந்தப் பொரித்த வெங்காயத்தையும் மிளகாயையும் தூவுகிறோம். மாலில் கொடுத்த விங்ஸ் சக்கரைப்பாகாக இருந்தது. இதில் இனிப்பு முதலில் வந்து, புளிப்பு நடுவில் நின்று, காரம் பின்னால் வந்து பிடிக்கிறது. மகள் இப்போது மாலில் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் மட்டும்தான் வாங்குகிறாள்.

ஏர் ஃப்ரையர் போதாதா என்று தெருவில் பலர் கேட்டார்கள். இரண்டு பேர் உள்ள வீட்டுக்குப் போதும். சீக்கிரம் சூடாகும், காற்று வேகமாகச் சுற்றுவதால் தோல் இன்னும் கொஞ்சம் நன்றாகவே மொறுமொறுக்கும். நாலு லிட்டர் கூடையில் ஒரு வரிசையாக வைத்தால் அரை கிலோதான் கொள்ளும். ஐந்து பேர் உள்ள எங்கள் வீட்டில் இரண்டாவது சுற்று வருவதற்குள் முதல் சுற்று சாப்பிட்டவர்கள் கையைக் கழுவிவிடுவார்கள். கரண்ட் பெரிய செலவு இல்லை. தெர்மோஸ்டாட் நடுநடுவே அணைப்பதால் சூடேற்றுவது முதல் கடைசி வரை எல்லாம் சேர்ந்து ஒன்றரை யூனிட்டுக்குள் முடிந்துவிடுகிறது.

குறைகளில் மிச்சம் இருப்பவை: கதவுக் கைப்பிடி சூடாகிறது, துணி இல்லாமல் தொட முடியாது. டைமர் அறுபது நிமிஷத்தோடு நின்றுவிடும், எனவே இரண்டாம் கட்டத்துக்கு மறுபடி முறுக்க வேண்டும். சுத்தம் செய்வது ஒரு வேலைதான். டிரேயைச் சூடு ஆறுவதற்குள் வெந்நீரும் சோப்பும் ஊற்றி ஊறவைத்துவிட்டால் பாதி வேலை தீரும். உள்சுவரில் தெறித்ததைக் கம்பி நார் போட்டுத் தேய்க்காதீர்கள், பூச்சு போய் எங்கள் ஊர்க் காற்றுக்கு ஒரே மழைக்காலத்தில் துரு ஏறிவிடும். சர்வீஸ் சென்டருக்கு உள்விளக்கு மங்கலாக இருப்பதைப் பற்றிச் சொன்னேன். ஆள் வரவில்லை, "அது அப்படித்தான் சார்" என்று போனிலேயே முடித்துவிட்டார்கள்.

மறுநாளைக்கு வேண்டும் என்றால், சாஸ் பூசுவதற்கு முன்பே கொஞ்சம் விங்ஸைத் தனியாக எடுத்து ஆறவைத்து டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். சாஸ் பூசியவை மறுபடி மொறுமொறுக்காது. பூசாதவை 180-ல் எட்டு நிமிஷத்தில் பழையபடி ஆகிவிடும். சாஸைத் தனியாகச் சூடு பண்ணித் தொட்டுக்கொள்ளலாம்.